டெக்சாஸ் சட்டமன்றத்துக்குத் திறந்த மடல்: தடுத்தது பறிமுதலை அல்ல, நீதிபதியை

மதிப்பிற்குரிய செனட், பிரதிநிதிகள் அவை உறுப்பினர்களே,

2025-ஆம் ஆண்டுக் கூட்டத்தொடரில் நீங்கள் நிறைவேற்றிய செனட் மசோதா 1362, அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் சட்டமாக நடப்பில் இருக்கிறது. ஒருவர் தன்னையோ பிறரையோ சுட்டுவிடக்கூடிய நிலையில் இருக்கிறார் என்று கண்டு, அவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக விலக்கிவைக்க நீதிமன்றம் இடும் உத்தரவுக்கு மற்ற மாநிலங்களில் பல பெயர்கள் உண்டு. பேச்சில் ரெட் ஃபிளாக் உத்தரவு. டெக்சாஸ் சட்டம் வெளிப்படையாக அதிகாரம் தந்தாலொழிய எந்த நீதிபதியும் அப்படியோர் உத்தரவைப் பிறப்பிக்கக் கூடாது என்றீர்கள். அந்த அதிகாரத்தைத் தரும் சட்டம் இங்கே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து வந்த உத்தரவை இங்கே சார்வு செய்தாலோ (உரியவரிடம் முறைப்படி கொடுத்தாலோ) அமல்படுத்த முயன்றாலோ அது ஸ்டேட் ஜெயில் ஃபெலனி என்ற கடுங்குற்றம்: 180 நாள் முதல் 2 ஆண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். இந்த வேலைக்காக மத்திய அரசு கொடுக்கும் மானியத்தை வாங்கவும் தடை.

இதற்கெல்லாம் நீங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன காரணம், முறையான சட்ட நடைமுறை. குற்றம் எதுவும் நிரூபிக்கப்படாத ஒருவரின் உடைமையை, அவர் பக்க நியாயத்தைக் கேட்காமல் பறிப்பது அரசமைப்புக்கு ஒவ்வாது என்பது உங்கள் வாதம். அந்தக் கவலையில் எங்களுக்கும் முழுப் பங்கு உண்டு. அதனால்தான் இந்தச் சட்டத்தை ஏற்க முடியவில்லை. டெக்சாஸில் துப்பாக்கிப் பறிமுதல் நேற்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது. நீதிபதி இல்லாமல் நடக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் 573.001 பிரிவைப் பாருங்கள். மனநோய் காரணமாகத் தனக்கோ பிறருக்கோ பெருந்தீங்கு நேரும் அபாயம் இருக்கிறது என்று காவல் அதிகாரி நம்பினால், வாரண்ட் இல்லாமலே அந்த நபரைப் பிடித்து மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோகலாம். 2013-இல் நீங்களே சேர்த்த உட்பிரிவின்படி, அப்போது அவர் வசம் இருக்கும் துப்பாக்கியையும் உடனே எடுத்துக்கொள்ளலாம். மனு கிடையாது, பிரமாணப் பத்திரத்தைப் படித்துப் பார்க்கும் நீதிபதி கிடையாது, எதிர்த்துக் கேட்க விசாரணைத் தேதி கிடையாது. துப்பாக்கி பிறகு என்னவாகும் என்பதைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 18.191 பிரிவு சொல்கிறது. பறித்த 15 நாளுக்குள் உரியவரின் கடைசி முகவரிக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு. 30 நாளுக்குள் காவல் துறை நீதிமன்றத்தைத் தொடர்புகொண்டு, அந்த நபர் விடுவிக்கப்பட்டாரா, உள்நோயாளிச் சிகிச்சைக்கு உத்தரவு ஆனதா என்று கேட்க வேண்டும். பதில் தர நீதிமன்ற எழுத்தருக்கு இன்னொரு 30 நாள். விடுவிக்கப்பட்டவர் என்றால், குற்றப் பதிவுகளைச் சரிபார்த்து, திருப்பித் தரலாம் என்று அறிவிக்க மேலும் 30 நாள். கூட்டிப் பாருங்கள். எல்லோரும் கெடு தவறாமல் வேலை செய்தாலும், யாருக்கும் ஆபத்தில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் தன் துப்பாக்கியை மூன்று மாதம் வரை பார்க்க முடியாது. அந்த மூன்று மாதத்தில், அவரிடம் துப்பாக்கி இருப்பது ஆபத்தா இல்லையா என்ற கேள்வியை எந்த நீதிமன்றமும் ஒருமுறைகூடக் கேட்காது.

மறுபக்கமும் இதே அளவுக்கு மோசம். மருத்துவ நிலையத்தில் அவரை முதற்கட்டமாக 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. வெளியே வந்தவுடன், கையிலிருந்த ஒன்று காவல் நிலையத்தில் இருந்தாலும், கடைக்குப் போய் இன்னொன்று வாங்கத் தடையில்லை. அவசரத் தடுப்பு மட்டும் நடந்தவரின் பெயர், வாங்கும்போது நடக்கும் பின்னணிச் சோதனையில் தடையாக வராது. அதைத் தாண்டி நீதிமன்றம் உள்நோயாளிச் சிகிச்சைக்குக் கட்டாய உத்தரவு போட்டாலோ, கதை நேர்தலைகீழ். மத்திய சட்டத்தின் 922 (ஜி)(4) பிரிவின்படி அவர் இனித் துப்பாக்கியே வைத்திருக்க முடியாது. அந்தத் தடைக்கு முடிவு தேதி கிடையாது. டெக்சாஸ் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் 574.088 பிரிவின் கீழ் அவரே மனுப் போட்டு, தகுதியை நிரூபித்து, நிவாரணம் வாங்கினால்தான் உண்டு.

ஆக, மகனைப் பற்றிப் பயந்து காவல் துறையை அழைக்கும் தாய்க்கு உங்கள் மாநிலம் வைத்திருக்கும் வழிகள் இவை: 48 மணி நேரம், அல்லது முடிவு தேதி இல்லாத தடை. இரண்டுக்கும் நடுவில், நீதிபதி பார்த்து, கேட்டு, ஆறு மாதமோ ஒரு வருடமோ என்று அளந்து போடும் உத்தரவு ஒன்றுதான் பொருத்தமானது. அதைத்தான் ஃபெலனி ஆக்கினீர்கள்.

குடும்ப வன்முறைப் பாதுகாப்பு உத்தரவு இருக்கிறதே என்பீர்கள். அது குடும்பத்துக்குள் வன்முறை நடந்திருந்தால் உதவும். விவாகரத்துக்குப் பிறகு, வேலை போன பிறகு, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ள நினைப்பவருக்கு அது பொருந்தாது. சக ஊழியர்களைக் கொல்வேன் என்று எழுதிவைத்திருப்பவருக்கும் பொருந்தாது. இந்த நாட்டில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள் என்பதை இந்த விவாதத்தில் இரு தரப்பும் வசதியாக மறந்துவிடுகிறது.

எல் பாசோ உங்களுக்கு நினைவிருக்கும். 2019 ஆகஸ்ட் 3, வால்மார்ட், 23 பேர் சாவு. சுட்டவனுக்கு 21 வயது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் அவன் தாய் ஆலன் நகரக் காவல் துறையை அழைத்து, மகன் ஏகே வகைத் துப்பாக்கி வைத்திருப்பது பற்றி, அவன் வயதையும் பக்குவத்தையும் சொல்லிக் கேட்டார் என்று குடும்பத்தின் வழக்கறிஞர்கள் பிறகு தெரிவித்தார்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் சட்டப்படி அவர் வைத்திருக்கலாம் என்பது கிடைத்த பதில். அந்த ஒரு அழைப்பே உத்தரவுக்குப் போதும் என்று நாங்கள் வாதாடவில்லை. போதாது. அவர் மிரட்டல் எதையும் சொல்லவில்லை. ஆனால் மறுமுனையில் இருந்தவருக்கு அடுத்த கேள்வியைக் கேட்கக் காரணமே இல்லாமல் போனதைக் கவனியுங்கள். என்ன பதில் வந்தாலும் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க அவருக்கு ஒரு நீதிமன்றம் இருக்கவில்லை.

எதிர்த்தரப்பைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு போடுவதே தவறு என்பது உங்கள் மூல வாதம். அப்படியானால் குடும்பச் சட்டத்தின் 83-ஆவது அத்தியாயத்தை என்ன செய்யப்போகிறீர்கள்? அதன்படி நீதிபதி, ஒரு தரப்பின் பிரமாணப் பத்திரத்தை வைத்து 20 நாளைக்கு இடைக்கால உத்தரவு போடலாம். 83.006 பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. மனுதாரர் நேரில் வந்து சாட்சி சொன்னால், கடந்த 30 நாளுக்குள் வன்முறை நடந்திருந்தால், எதிர்த்தரப்பை அவர் சொந்த வீட்டிலிருந்தே வெளியேற்றலாம். வழக்கமாக 14 நாளுக்குள் முழு விசாரணை வைக்க வேண்டும். ஒரு மனிதனை அவன் வாசலிலிருந்து இறக்க ஏற்றுக்கொண்ட அதே நடைமுறையை, அலமாரியிலிருந்து துப்பாக்கியை எடுக்க ஏற்கமாட்டோம் என்கிறீர்கள். அரசமைப்பில் அப்படியொரு தரவரிசை எழுதியிருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை.

வழக்குகளும் உங்கள் ஊரிலிருந்து போனவைதான். 1979-இல் ஆடிங்டன் எதிர் டெக்சாஸ் வழக்கில், ஒருவரைக் கட்டாய மனநலச் சிகிச்சைக்கு அனுப்பச் சாதாரண சிவில் அளவுச் சான்று போதாது, தெளிவும் நம்பகமும் உள்ள சான்று வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. டாரண்ட் கவுன்டி பாதுகாப்பு உத்தரவிலிருந்து கிளம்பிய ரஹீமி வழக்கில், 2024 ஜூன் 21 அன்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: பிறர் உடலுக்கு நம்பத்தக்க ஆபத்து என்று நீதிமன்றம் கண்ட ஒருவரைத் தற்காலிகமாக நிராயுதபாணி ஆக்குவது, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் அரசமைப்பின் இரண்டாவது திருத்தத்துக்கு முரணல்ல. இதை மிகைப்படுத்தவும் வேண்டாம். ரஹீமி வழக்கின் உத்தரவு, அறிவிப்புக் கொடுத்து, வாய்ப்பளித்த பிறகு வந்தது. முழு விசாரணைக்கு முன், முதல் 14 நாளுக்குப் போடும் இடைக்கால உத்தரவைப் பற்றி அந்தத் தீர்ப்பு எதுவும் முடிவு செய்யவில்லை. அந்த 14 நாளைத்தான் கவனமாக எழுத வேண்டும்.

இன்னொரு தீர்ப்பு உங்களுக்கு உறுத்த வேண்டும். 2021-இல் கனிக்லியா எதிர் ஸ்ட்ராம். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் கிரான்ஸ்டனில், மனநலப் பரிசோதனைக்குப் போகச் சம்மதித்த ஒருவர் ஆம்புலன்சில் ஏறிய பிறகு காவலர்கள் அவர் வீட்டுக்குள் போய்த் துப்பாக்கிகளை எடுத்தார்கள். வாரண்ட் இல்லை. சமூக நலன் கருதி என்ற காரணம் வீட்டுக்குள் நுழையப் போதாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். நீதிமன்ற வழியை மூடிவிட்டால், நல்லெண்ணம் கொண்ட காவலர்களும் இந்தக் குறுக்கு வழியில்தான் விழுவார்கள்.

இனி, இந்தச் சட்டங்கள் மற்ற மாநிலங்களில் எங்கே சறுக்கின என்பது. உங்கள் எதிர்ப்பில் உண்மை இருக்கும் இடங்கள் இவை.

மேரிலண்டில் சட்டம் 2018 அக்டோபர் 1 அன்று நடப்புக்கு வந்தது. ஐந்து வாரம் கழித்து, நவம்பர் 5, காலை 5:17 மணிக்கு ஆன் அருண்டெல் கவுன்டியில் உத்தரவைக் கொடுக்கக் காவலர்கள் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்கள். 61 வயதுக்காரர் கையில் துப்பாக்கியோடு திறந்தார். முதலில் கீழே வைத்தார், பிறகு கோபத்தில் எடுத்தார். இழுபறியில் குண்டு பாய, இன்னொரு காவலர் அவரைச் சுட்டுக் கொன்றார். விடிவதற்கு முன் கதவைத் தட்டினால், துப்பாக்கி வைத்திருப்பவர் துப்பாக்கியோடுதான் வருவார். ஆபத்தானவர் என்று தாளில் எழுதிவிட்டு, மிக ஆபத்தான நேரத்தைத் தேர்ந்தெடுத்தது யார் குற்றம்? எந்த நேரத்தில், எப்படிச் சார்வு செய்ய வேண்டும் என்று கட்டுப்பாடு எழுதாத சட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு.

கொலராடோவில் 2020 ஜனவரியில், சட்டம் நடப்புக்கு வந்த சூட்டோடு, லாரிமர் கவுன்டியில் ஒரு பெண் ஒரு காவல் அதிகாரிமீது மனுப் போட்டார். தங்கள் இருவருக்கும் ஒரு குழந்தை இருப்பதாகப் படிவத்தில் எழுதியிருந்தார். தனிநபர் மனுப் போட அப்போது குடும்ப உறவோ அதுபோன்ற நெருங்கிய உறவோ தேவைப்பட்டது. அந்த உறவே பொய். நீதிபதி மனுவைத் தள்ளினார், அவர்மீது பொய்ச்சத்திய வழக்குப் பதிவானது. இந்தச் சம்பவத்தை இரு தரப்பும் மேற்கோள் காட்டுகின்றன. எங்களுக்குத் தோன்றும் பாடம் வேறு: உறவை நிரூபிக்கும் ஒரு ஆவணத்தைப் படிவத்தோடு கேட்டிருந்தால் இது எழுத்தர் மேசையிலேயே நின்றிருக்கும்.

இண்டியானாவின் தவறு நேர் எதிரானது. அங்கே 2005 முதல் சட்டம் இருக்கிறது. 2020 மார்ச்சில் ஓர் இளைஞன் காவலர்களை வைத்துத் தன்னைச் சுடவைத்துக்கொள்வானோ என்று தாய் சொன்னதும், இண்டியானாபொலிஸ் காவல் துறை அவன் ஷாட்கன்னை எடுத்துக்கொண்டது. அதைத் திரும்பக் கேட்கப்போவதில்லை என்று தெரிந்ததும், வழக்கு நீதிமன்றத்துக்குப் போகவில்லை. சான்று திரட்ட 14 நாள் போதாது, தோற்றால் திருப்பித் தர வேண்டிவரும் என்பது அரசு வழக்கறிஞர் தரப்பு பிறகு சொன்ன விளக்கம். நீதிமன்றம் எதையும் முடிவு செய்யாததால் வாங்கத் தடையும் இல்லை. அந்த ஆண்டிலேயே அவன் இரண்டு ரைஃபிள்களைச் சட்டப்படி வாங்கினான். 2021 ஏப்ரல் 15 இரவு ஃபெடெக்ஸ் கிடங்கில் அவன் சுட்டதில் எட்டுப் பேர் இறந்தார்கள். ஒரு துப்பாக்கியை எடுத்தார்களே தவிர, ஆளைப் பற்றி யாரும் தீர்ப்பு எழுதவில்லை. 18.191-இன் கீழ் டெக்சாஸில் நடப்பதும் இதே வடிவம்தான்.

கலிபோர்னியா ஒரு வருடம் முதல் ஐந்து வருடம் வரை உத்தரவு போட அனுமதிக்கிறது. மனுதாரர் பட்டியலில் முதலாளியையும் சக ஊழியரையும் ஆசிரியரையும் சேர்த்தது. எங்கள் கருத்தில் இரண்டுமே அதிகம். நெருக்கடி என்பது வாரக்கணக்கு, மாதக்கணக்கு. ஐந்து வருடம் என்பது நெருக்கடிக்குப் பதில் ஆகாது, அது தண்டனை.

பின்பற்றத்தக்கது ஃபுளோரிடா. பார்க்லண்ட் பள்ளியில் 17 பேர் இறந்த பிறகு, 2018 மார்ச் 9 அன்று, குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை நிறைவேற்றிய சட்டத்தில் அதே கட்சியின் ஆளுநர் ரிக் ஸ்காட் கையெழுத்திட்டார். மனுப் போடும் அதிகாரம் காவல் துறைக்கு மட்டும். 14 நாளுக்குள் விசாரணை. இறுதி உத்தரவுக்குத் தெளிவும் நம்பகமும் உள்ள சான்று. அதிகபட்சம் 12 மாதம். பொய்ச் சத்தியம் செய்து மனுப் போட்டால் மூன்றாம் நிலை ஃபெலனி. அதில் விட்டுப்போனது வழக்கறிஞர். கொலராடோ அதைச் சேர்த்தது: எதிர்மனுதாரருக்கு நீதிமன்றம் அரசுச் செலவில் வழக்கறிஞரை நியமிக்கும். இது சின்ன விஷயம் இல்லை. சிவில் வழக்கு என்பதால் இலவச வழக்கறிஞர் உரிமை தானாக வராது. 14 நாளில் வழக்கறிஞர் பிடித்து, முன்பணம் கட்டி, சாட்சி கொண்டுவர வசதி உள்ளவர் யார்? விசாரணைக்கு வராமலே தோற்பவருக்கு, விசாரணைத் தேதி கொடுத்தோம் என்று சொல்வது கணக்குக் காட்டுவதுதான்.

பலன் உண்டா என்று கேட்டால், கனெக்டிகட்டின் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2013 வரை நடந்த 762 பறிமுதல்களை டியூக் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஸ்வான்சன் குழு ஆராய்ந்தது. பத்து முதல் இருபது பறிமுதலுக்கு ஒரு தற்கொலை தவிர்க்கப்பட்டிருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. மதிப்பீடு என்பதால் அதை அப்படியே விடுகிறோம். ஆனால் அதன் மறுபக்கத்தையும் படியுங்கள்: இருபதில் பத்தொன்பது பேர் எப்படியும் தற்கொலை செய்திருக்க மாட்டார்கள். அந்தப் பத்தொன்பது பேருக்காகத்தான் வழக்கறிஞரும், உயர்ந்த சான்றளவும், குறுகிய காலமும், தாமதமில்லாத திருப்பித் தருதலும் வேண்டும் என்கிறோம்.

இந்தப் பாதுகாப்புகள் எதுவும் உங்களுக்குப் புதிதில்லை. 2018-இல் சாண்டா ஃபே பள்ளியில் பத்துப் பேர் இறந்த பிறகு, ஆளுநர் ஆபட் வெளியிட்ட செயல்திட்டமே, உரிய சட்ட நடைமுறையோடு இப்படியொரு பாதுகாப்பு உத்தரவு சாத்தியமா என்று ஆராயச் சொன்னது. செனட்டில் ஆதரவில்லை என்றதும் அது கிடப்பில் போனது. 2022 ஜூனில், இத்தகைய உத்தரவுகளுக்கு மானியம் தரும் மத்திய சட்டம் வந்தபோது, குடியரசுக் கட்சி சார்பில் பேச்சுவார்த்தைக்குத் தலைமை தாங்கியவர் உங்கள் செனட்டர் ஜான் கார்னின். மானியம் பெற விரும்பும் மாநிலத்தின் சட்டத்தில் உத்தரவுக்கு முன்னும் பின்னும் நடைமுறைப் பாதுகாப்பு, வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை, உயர்ந்த சான்றளவு, தவறாகப் பயன்படுத்தினால் தண்டனை எல்லாம் இருக்க வேண்டும் என்று அதில் எழுதப்பட்டது. நீங்கள் கேட்ட நிபந்தனைகள்தான் அவை. அவற்றோடு வரும் பணத்தைத்தான் வாங்கக் கூடாது என்றீர்கள்.

2027 ஜனவரியில் கூடும் 90-ஆவது கூட்டத்தொடருக்கு முன் நாங்கள் கேட்பவை:

துணை ஆளுநரும் அவைத் தலைவரும் இதை இடைக்கால ஆய்வுப் பொருளாக அறிவித்து, பொது விசாரணை நடத்துங்கள். ஷெரிஃப்கள், அரசு வழக்கறிஞர்கள், எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள், மனநல நீதிமன்ற நீதிபதிகள், ஆயுத விற்பனை உரிமம் உள்ளவர்கள் எல்லோரையும் சாட்சியத்துக்கு அழையுங்கள்.

செனட் மசோதா 1362-இன் ஃபெலனிப் பிரிவையும் மானியத் தடையையும் நீக்குங்கள். நீதிபதி கையெழுத்திட்ட தாளைக் கொண்டுபோய்க் கொடுத்த காவலரைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் எந்த நடைமுறையையும் காப்பாற்றவில்லை.

அதன் இடத்தில் குறுகிய சட்டம் ஒன்றை எழுதுங்கள். மனுப் போடும் அதிகாரம் காவல் துறைக்கும் அரசு வழக்கறிஞருக்கும் மட்டும் இருக்கட்டும். குடும்பத்தினர் எழுத்தில் கேட்டால் 48 மணி நேரத்துக்குள் மனு அல்லது மறுப்புக்கான காரணம் எழுத்தில் வர வேண்டும். பிரமாணப் பத்திரத்தில் சொன்னது என்ன, எந்தத் தேதியில், யாரிடம், நேரில் கேட்டதா என்பது தனித்தனியாக இருக்க வேண்டும். பொத்தாம்பொதுவாக ‘பயமாக இருக்கிறது’ என்பது போதாது. இடைக்கால உத்தரவு 14 நாளுக்கு மேல் போகக் கூடாது, மனுதாரரை நீதிபதி கேள்வி கேட்டிருக்க வேண்டும். இறுதி உத்தரவுக்கு ஆடிங்டன் அளவுச் சான்று, அதிகபட்சம் ஆறு மாதம், நீட்டிக்க வேண்டுமென்றால் நிரூபிக்கும் பொறுப்பு மறுபடி அரசுடையது. உத்தரவு சார்வாகும் அன்றே அரசுச் செலவில் வழக்கறிஞர்.

சார்வு செய்வது பகல் வெளிச்சத்தில், முடிந்தால் மனநலப் பயிற்சி பெற்ற அதிகாரியோடு. தேட வேண்டுமென்றால் தனி வாரண்ட், உத்தரவுத் தாளே வாரண்ட் ஆகாது. துப்பாக்கியை உரிமம் உள்ள விற்பனையாளரிடமோ வேறு வீட்டில் வாழும் தகுதியுள்ள உறவினரிடமோ ஒப்படைக்க உரியவருக்கு முதல் வாய்ப்பு. காவல் துறை எடுத்தால் தயாரிப்பு, மாடல், தொடர் எண், அப்போதைய நிலை, படம் எல்லாம் அடங்கிய ரசீது அங்கேயே. உத்தரவு முடிந்தால் மனுப் போடாமலே, கட்டணமில்லாமல், ஐந்து வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். பின்னணிச் சோதனைப் பதிவிலிருந்தும் பெயர் அன்றே நீங்க வேண்டும். மனு தள்ளுபடியானால் கோப்புக்கு முத்திரை.

இவற்றில் எதற்கும் உங்களுக்கு மனமில்லை என்றாலும், 18.191-ஐயாவது அந்தக் கூட்டத்தொடரில் திருத்துங்கள். பறித்த 72 மணி நேரத்துக்குள் ஒரு மாஜிஸ்திரேட் அதைப் பார்க்கட்டும். எத்தனை துப்பாக்கி எடுக்கப்பட்டது, எத்தனை நாளில் திரும்பியது என்ற கணக்கை ஒவ்வொரு காவல் துறையும் ஆண்டுதோறும் வெளியிடட்டும்.

இப்படிக்கு,
டெக்சாஸில் வாழும் தமிழ் வாக்காளர்கள் சிலர்